தம்பி மறுபடி நடப்பானா? தண்டுவடம் அடிபட்டவரின் அக்காவுக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தம்பிக்கு 27 வயது, கட்டட வேலையில் எலக்ட்ரீஷியன், மூன்று மாதத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்ததில் டி-12 முள்ளெலும்பு நொறுங்கிவிட்டது, ஆபரேஷன் செய்து கம்பி வைத்து அனுப்பிவிட்டார்கள், இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை உணர்வும் இல்லை, யூரின் டியூபோடு வீட்டில் படுத்திருக்கிறான், வீட்டை அடமானம் வைத்தாவது ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பானா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஊசியைப் பற்றிய கேள்வி. ஆனால் கடைசியில் போகிற போக்கில் "அவனுக்கு ஒன்றரை வயதில் பெண் குழந்தை இருக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதுதான் நிஜமான கேள்வி என்று எனக்குப் படுகிறது. இவன் இனி ஒரு மனிதனாக, ஒரு அப்பாவாக வாழ முடியுமா என்று கேட்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன், நீளமாகத்தான் போகும்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கிவிடுகிறவர். 19 வருடமாகத் தண்டுவடம் அடிபட்டவர்களோடுதான் வேலை. மரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், சாரத்திலிருந்து விழுந்தவர்கள், பைக்கில் போய் விழுந்தவர்கள். தம்பியை நான் தொட்டுப் பார்க்கவில்லை, எம்.ஆர்.ஐ. படத்தையும் பார்க்கவில்லை, நான் டாக்டரும் இல்லை. அதனால் இங்கே எழுதுவதில் எது உறுதி, எது ஆளைப் பொறுத்தது என்று பிரித்துச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

நடப்பதைப் பற்றி முதலில். தண்டுவடம் மூளையிலிருந்து கிளம்பி முதுகெலும்பின் அடிவரை போவதில்லை, இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே தனித்தனி நரம்பு இழைகள்தான் குதிரைவால் மாதிரி தொங்குகின்றன. டி-12 எலும்பு நொறுங்கும் இடம் தண்டுவடத்தின் கடைசி நுனிக்குப் பக்கத்தில். அங்கே அடிபட்டால் பெரும்பாலும் கால் இரண்டும் விறைப்பே இல்லாமல் துணி மாதிரி கிடக்கும். நீங்கள் "தொளதொளவென்று இருக்கிறது" என்று எழுதியிருப்பதும் அதோடு பொருந்துகிறது. இனி ஒரு விஷயம்தான் முக்கியம்: ஆசனவாயைச் சுற்றி உணர்வு இருக்கிறதா, அந்தத் தசையை அவனால் இறுக்க முடிகிறதா. கூச்சமான பரிசோதனை, பல இடங்களில் செய்யாமலே விட்டுவிடுவார்கள். ஆனால் காயம் முழுமையானதா, பாதியா என்பதை அந்த ஒரு பரிசோதனைதான் சொல்லும். அங்கே கொஞ்சம் உணர்வு மிச்சமிருந்தாலும் கதை வேறு, மீட்சிக்கு வாய்ப்பு கூடுதல். எதுவுமே இல்லை, மூன்று மாதமாகியும் ஒரு விரல்கூட அசையவில்லை என்றால், வீட்டுக்குள்ளும் வெளியிலும் முன்போல நடமாடும் அளவுக்குக் கால் திரும்புவது அரிது. இடுப்பைத் தூக்கும் தசையோ தொடையின் முன்தசையோ கொஞ்சம் திரும்பலாம், அந்த இடத்து நரம்பிழைகள் தண்டுவடத்தைவிடக் கொஞ்சம் தாங்கும். எவ்வளவு திரும்பும் என்பது ஆளைப் பொறுத்தது. பெரும்பாலான மீட்சி முதல் ஆறு மாதத்தில் நடக்கும், ஒரு வருடம் வரை சின்னச் சின்னதாகத் தொடரும். காலைத் தாங்கும் காலிப்பர் என்ற கம்பிச் சட்டத்தை மாட்டி, வாக்கர் பிடித்து அவனை நிற்க வைக்க முடியும், நாலடி நடக்கவும் வைக்கலாம், ஆனால் அதற்குச் செலவாகும் தெம்பு அதிகம். பழகியவர்களில் நிறையப் பேர் கொஞ்ச நாளில் காலிப்பரைப் பரண்மேல் போட்டுவிட்டு வீல்சேரிலேயே வேகமாகப் போய்வருவதை நான் பார்த்திருக்கிறேன். அது தோல்வி என்று எனக்குத் தோன்றியதில்லை.

ஸ்டெம் செல். தண்டுவடக் காயத்துக்கு அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலும் இப்படிப்பட்ட நோய்களுக்கு அதை முறையான ஆய்வுக்குள் மட்டுமே செய்யலாம், சிகிச்சை என்று விற்கக் கூடாது என்கிறது. முறையான ஆய்வில் நோயாளியிடம் ஊசிக்குப் பணம் வாங்க மாட்டார்கள். உங்களிடம் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால் அதுவே போதும், புரிந்துகொள்ளுங்கள். வீட்டை அடமானம் வைக்காதீர்கள். இதில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன், ஊசிக்கு நிலத்தை விற்றுவிட்டு, பிறகு வீல்சேரில் போட்டு உட்காரும் குஷன் வாங்கப் பணமில்லாமல் படுக்கைப்புண்ணோடு வந்தவர்களைப் பார்த்த கோபம். எண்ணெய் போட்டு உருவுகிறவர்களும் வருவார்கள். மெதுவாகத் தடவினால் குற்றமில்லை, ஆனால் அசையாத காலின் எலும்பு மாதாமாதம் பஞ்சாகிக்கொண்டே வரும், வலுவாக மடக்கி உருவினால் முறியும், முறிந்தது அவனுக்குத் தெரியாது. ஒத்தடம் வேண்டவே வேண்டாம். தவிட்டு ஒத்தடத்தில் தொடை வெந்து போய் வந்த பையனை நான் பார்த்திருக்கிறேன், சூடு தாங்குதா என்று அம்மா கேட்கக் கேட்கத் தாங்குது தாங்குது என்று சொல்லியிருக்கிறான், அவனுக்கு என்ன தெரியும். இன்னொன்று, ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் உருவவே கூடாது, உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

உணர்வே இல்லாத காலில் எரிகிறது, கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று அவன் சொன்னால் நம்புங்கள். அது நிஜமான வலி, அறுந்த நரம்பு தரும் வலி, அதற்குத் தனி மாத்திரைகள் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் எரிச்சல் வந்ததை வைத்து "உயிர் வருது" என்று சொந்தக்காரர்கள் கொண்டாடினால் சேர்ந்துகொள்ளாதீர்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கால் நடக்காததால் யாரும் சாவதில்லை. தண்டுவடம் அடிபட்டவர்களை ஒரு காலத்தில் கொன்றது தோலும் சிறுநீரகமும்தான், நம்மூரில் இன்னும் நிறையப் பேரை அவைதான் கொண்டுபோகின்றன. இந்த இரண்டையும் காப்பாற்றிக்கொண்டால் மற்றதை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொள்ளலாம், எத்தனையோ பேர் 30, 40 வருடம் வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் கால் வருமா வருமா என்று காத்திருக்கும் வீட்டில் இவை இரண்டும்தான் முதலில் கெட்டுப்போகின்றன, ஏனென்றால் எல்லாக் கண்களும் காலின்மேல் இருக்கின்றன.

தோல். நாம் உட்கார்ந்திருக்கும்போது நமக்கே தெரியாமல் அசைந்து அசைந்து உட்காருகிறோம், எலும்புக்கும் நாற்காலிக்கும் நடுவில் மாட்டிய சதைக்கு ரத்தம் போகாமல் வலி எடுப்பதால்தான் அசைகிறோம். அவனுக்கு அந்த வலி வராது, அதனால் அசையமாட்டான், சதை உள்ளேயே செத்துப்போகும், வெளியே ரூபாய் அளவு சிவப்பாகத் தெரியும்போது உள்ளே கைவிட்டால் எலும்பு தட்டும். 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். எப்படியும் சாகப்போகிறவர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தவர்கள் அவர்கள். புதிய மருந்து ஒன்றுமில்லை, புரட்டினார்கள், மூத்திரப்பையைக் கவனித்தார்கள், எழுப்பி உட்கார வைத்து விளையாட விட்டார்கள். 1948-ல் அங்கே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அம்பெய்த 16 பேரின் போட்டிதான் பிறகு பாராலிம்பிக்காக வளர்ந்தது. அதே இரண்டு மணி நேரம்தான் உங்கள் வீட்டுக்கும். படுத்திருந்தால் இரண்டு மணிக்கொருமுறை வலது, இடது, மல்லாக்க. கணுக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். குப்புறப் படுக்கவும் பழக்கலாம், கம்பி வைத்த டாக்டர் சரி என்றால்.

உட்கார ஆரம்பித்ததும் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கவேண்டும், அல்லது முன்பக்கம் குனிந்து தொடைமேல் நெஞ்சு படும்படி ஒன்றிரண்டு நிமிடம் இருக்கவேண்டும். குனிவது தோளுக்கு நல்லது, இனி தோள்தான் அவனுக்குக் கால். பழகியவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள், பேச்சு நடுவில் அப்படியே குனிந்து செருப்பைச் சரி செய்கிற மாதிரி இருப்பார்கள், பிறகு நிமிர்ந்து விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். காலையும் இரவும் ஒரு கைக்கண்ணாடியை வைத்துப் பின்பக்கத்தை அவனே பார்க்கட்டும்: வால் எலும்பு, உட்காரும் எலும்பு இரண்டு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால். சிவப்பு அரை மணியில் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் பாரம் ஏற்றவே கூடாது, மறையும்வரை. பவுடர், களிம்பு எல்லாம் அப்புறம். பின்பாக்கெட்டில் பர்ஸ், தடித்த தையல் போட்ட ஜீன்ஸ், சித்திரை வெயிலில் காய்ந்த சிமெண்ட் திண்ணை, மடியில் வைத்த சூடான டிபன் கேரியர், பைக் சைலன்சர், எல்லாம் எதிரிகள். கிராமத்து வீடு என்றால் இரவில் காலுக்கு சாக்ஸ் போட்டு விடுங்கள், எலி கடித்தாலும் தெரியாது. சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மூத்திரம். டியூபும் பையும் மாட்டியே வைத்திருப்பது ஆரம்பத்துக்குச் சரி. மாதக்கணக்கில் அப்படியே விட்டால் கிருமி, கல், மூத்திரப்பையின் சுருக்கம், ஆண்களுக்கு மூத்திரக்குழாயில் புண் என்று ஒவ்வொன்றாக வரும். பெரும்பாலானவர்களுக்கு நல்ல வழி, நாலு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே சின்ன டியூபைப் போட்டு மூத்திரத்தை வெளியேற்றிவிட்டு டியூபை எடுத்துவிடுவது. 1972-ல் லாபிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்ன முறை, ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும் என்றார், அப்போது எல்லாரும் அதிர்ந்துபோனார்கள், ஆனால் சரியாக இருந்தது. கிருமியைவிடப் பெரிய ஆபத்து, மூத்திரப்பை நிரம்பி அழுத்தம் ஏறிச் சிறுநீரகத்துக்குத் திரும்புவதுதான். ஒரு தடவைக்கு 400, 500 மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது. அவனுக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கின்றன, எலக்ட்ரீஷியன் கை வேறு, ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வான். முதல் நாள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வான், எல்லாரும் அப்படித்தான். யூராலஜி டாக்டர் பார்த்து அவன் மூத்திரப்பைக்கு இது ஒத்துவரும் என்று சொன்ன பிறகு ஆரம்பியுங்கள், ஏனென்றால் பையின் வகை ஆளுக்கு ஆள் மாறும். நனைந்துவிடுமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள், பகலில் பிரித்துக் குடித்துவிட்டு ராத்திரி குறைத்துக்கொள்ளலாம். மூத்திரம் கொஞ்சம் கலங்கலாக இருப்பதற்கெல்லாம் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். காய்ச்சல், நடுக்கம் வந்தால் மட்டும் தாமதிக்காமல் ஓடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும், எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

மலம் கழிப்பது நேரத்துக்குப் பழகினால் வந்துவிடும். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், அதே நேரம், காபியோ வெந்நீரோ குடித்து அரை மணிக்குள். இவனுடைய வகைக் காயத்தில் கையுறை போட்ட விரலால் எடுக்கவேண்டி வரலாம். கேட்கவே சங்கடமாக இருக்கும், ஆனால் காலையில் 30 நிமிடம் அதற்கு ஒதுக்கிவிட்டால் நாள் முழுக்கக் கல்யாணத்துக்கும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம். ஒதுக்காதவன் வீட்டைவிட்டே வெளியே வரமாட்டான்.

இதெல்லாம் கற்றுத்தருகிற இடம் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி இல்லை. மறுவாழ்வுப் பிரிவு இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும், சில வாரங்கள் தங்கி. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் நம் பக்கத்தில் பழையது. அதன் கதையைத் தம்பியிடம் சொல்லுங்கள். மேரி வர்கீஸ் அங்கே இளம் டாக்டர். 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரண்டு காலும் செயலிழந்துபோயின. வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கை ஆபரேஷன் உட்கார்ந்தே செய்யக்கூடியது என்பதால் அது முடிந்தது. பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து அந்தத் துறையையே கட்டினார், 1966-ல் அந்த நிலையம் திறந்தது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் இருக்கிற அமர் சேவா சங்கம் இன்னொன்று. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், உங்கள் தம்பியின் காயத்தைவிட மேலே, கைகளும் சேர்ந்து போன காயம். 1981-ல் ஆரம்பித்தார். தம்பியை அங்கே கூட்டிப்போனால் தெரபிஸ்டைவிட, பக்கத்துக் கட்டிலில் இருக்கும் ஏற்கெனவே பத்து வருடம் வீல்சேரில் ஓட்டியவர் அதிகம் கற்றுத்தருவார். நான் இரண்டு வாரம் சொல்லியும் எழாத பையன், வெளியே ஒருவர் தனியாக ஸ்கூட்டரில் வந்து இறங்கி வீல்சேரை விரித்து மாறி உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை என்னை ஆறு மணிக்குக் கூப்பிட்டான்.

வீல்சேர் பற்றி. ஆஸ்பத்திரி வராண்டாவில் கிடக்கும் மடக்கு நாற்காலியை வாங்காதீர்கள், அது ஒருவர் தள்ள இன்னொருவர் உட்காரச் செய்தது. இடுப்பு அகலத்துக்கு அளவெடுத்து, அவனே தள்ளும் எடையில் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோமோஷன் மாதிரி அளவெடுத்துச் செய்துதரும் இடங்கள் இப்போது இருக்கின்றன, முன்பக்கம் மோட்டார் சக்கரம் மாட்டி ரோட்டில் ஓட்டலாம். பணம் குறைவு என்றால் நாற்காலியில் மிச்சம் பிடியுங்கள், குஷனில் பிடிக்காதீர்கள். கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரம் இருந்தால் ஒரு வழவழப்பான பலகையை நடுவில் போட்டுச் சறுக்கியே மாறிவிடலாம், யாரும் தூக்கவேண்டாம். வாசல் படி ஓரடி உயரம் என்றால் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும், கொத்தனார் நாலடி போதும் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள், அதில் ஏறினால் பின்னால் கவிழ்வான்.

அவன் மனைவியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். டியூபையும் டாய்லெட்டையும் அந்தப் பெண்ணிடம் நிரந்தரமாக ஒப்படைக்காதீர்கள். அவன் கையால் முடிந்ததை அவனே செய்யட்டும், அவள் மனைவியாக இருக்கட்டும். தாம்பத்தியம் முடிந்துவிட்டது என்று யாரும் முடிவு கட்டவேண்டாம். விறைப்பும் விந்து வெளியேற்றமும் பெரும்பாலும் பாதிக்கப்படும், மாத்திரைக்கும் மற்ற வழிகளுக்கும் எவ்வளவு பலன் என்பது ஆளைப் பொறுத்தது, ஆனால் கேட்க டாக்டர் இருக்கிறார், இன்னொரு குழந்தைகூடச் சிகிச்சை வழியாகச் சாத்தியமாகியிருக்கிறது. அக்காவாக இதை நீங்கள் பேச முடியாது, புரிகிறது. இந்தப் பத்தியை மட்டும் அவர்கள் இரண்டு பேருக்கும் அனுப்பிவிடுங்கள். சாப்பிடாமல், பேசாமல், செத்தால் தேவலை என்று சொல்கிறான் என்றால் அதற்கும் மனநல டாக்டர் வேண்டும். தைரியமாயிருடா என்று சொல்வதால் அது போகாது.

வேலை. விழுந்தது வேலை இடத்தில் என்பதால் இழப்பீடு கேட்க உரிமை உண்டு, ஒப்பந்தக்காரர் கையில் கொஞ்சம் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடவேண்டாம், காலக்கெடு இருப்பதால் உடனே தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வக்கீலைப் பாருங்கள், கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறானா என்றும் பாருங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாத உதவித்தொகை, வீல்சேர், பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. 2016 சட்டப்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் இருந்தால் அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடும் உண்டு. அலைச்சல் இருக்கும், மூன்று நாலு தடவை போகவேண்டி வரும், ஒவ்வொரு தாளையும் நாலு பிரதி எடுத்து வையுங்கள். ஆனால் அவன் கையில் தொழில் இருக்கிறதே. சாரத்தில் ஏறி ஒயரிங் செய்ய முடியாது, சரி. மோட்டாருக்குக் காயில் கட்டுவது, ஃபேன், மிக்ஸி ரிப்பேர், ஸ்விட்ச் போர்டு அசெம்பிள் செய்வது எல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலைதானே. என்னிடம் வந்த ஒரு பனையேறி, தூத்துக்குடிப் பக்கம், எழுதப் படிக்கத் தெரியாது, இங்கே கற்றுக்கொண்டு போய்க் காயில் கட்டுகிறார். கீழே வீல்சேர் நுழையும்படி மேஜையை மாற்றிப் போட்டிருக்கிறார், 20 நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் அடிக்கிறது, செம்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் குனிகிறார்.

இன்றைக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். டேப் எடுத்து பாத்ரூம் வாசலின் உள் அகலத்தை அளந்து பாருங்கள், கதவு திறந்து நிற்கும்போது, அங்குலத்தில். நம் வீடுகளில் எல்லாக் கதவையும் அகலமாக வைத்துவிட்டு இதை மட்டும் இரண்டு, இரண்டரை அடிக்கு வைத்திருப்பார்கள், பெரும்பாலான வீல்சேர் அங்கேதான் நின்றுபோகும், அதற்கப்புறம் அவனை யாராவது தூக்கவேண்டியிருக்கும். அளவையும் உள்ளே இருப்பது இந்திய டாய்லெட்டா வெஸ்டர்னா என்பதையும் இதற்குக் கீழே எழுதுங்கள், கதவை வெளிப்பக்கம் திருப்பினால் போதுமா, சுவரை இடிக்கவேண்டுமா என்று சொல்கிறேன்.